இயந்திரம் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து, காசு கொடுக்காமல், கையால் எதையாவது செய்து பார்க்க ஓர் இடம் வேண்டும். இந்தப் பேச்சு மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப்ஹில், செம்பூர் பக்கம் தமிழர் கூடும் இடங்களில் அவ்வப்போது எழுகிறது. மேக்கர்ஸ்பேஸ் என்று பெயர் வைத்தாலும் பட்டறை என்று அழைத்தாலும் காரியம் ஒன்றுதான். பேச்சு எழுந்ததும் யாராவது கேட்கும் முதல் கேள்வி, ‘த்ரீடி பிரிண்டர் எத்தனை வாங்கப் போகிறீர்கள்?’ என்பது. லேத், எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர், பள்ளி ஆய்வகம் என்று இந்த வேலைகளிலேயே இருப்பவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. எங்கள் பதில்: முதல் வருடம் ஒன்றுகூட வேண்டாம்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். த்ரீடி பிரிண்டர் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருளை உருவாக்கும் இயந்திரம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியை அது அடித்து முடிக்க 3 மணி நேரம் ஆகும். பட்டறை வார நாட்களில் 4 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 4 மணி நேரம், சனி விடுமுறை என்று வைத்தால் வாரத்துக்கு 24 மணி நேரம். பிள்ளைகள் 40 பேர். ஆளுக்கொரு பெட்டி என்றால் 120 மணி நேரம், அதாவது 5 வாரம். ஒரு பிள்ளைக்கு 5 வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டி. அந்த 3 மணி நேரமும் பிள்ளை செய்யக்கூடியது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான். அதே பணத்தில் 10 பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கான கைக்கருவிகள் வாங்கலாம். மீதியும் இருக்கும்.

பள்ளிகளில் பிள்ளைகள் செய்து பார்க்கும் ஆய்வகம் அமைக்கும் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தைப் பலர் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். அது 2016-ல் தொடங்கிய திட்டம். தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். அந்தப் பணம் பிரிக்கப்பட்ட விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: நிறுவுவதற்கு 10 லட்சம், ஐந்து ஆண்டு நடத்துவதற்கு 10 லட்சம். வாங்கும் செலவுக்குச் சமமாக நடத்தும் செலவு என்பதை டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் நன்கொடை வசூலிக்கும்போது மட்டும் அந்த இரண்டாவது 10 லட்சம் மறந்துபோகிறது. பிரிண்டர் வாங்கித்தர ஆள் கிடைக்கும், அதில் பெயர்ப்பலகை ஒட்டலாம். மாதம் பத்து டிரில் பிட் வாங்கித்தர ஆள் கிடைக்காது. மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டில் யார் பெயரைப் பொறிப்பது?

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் நம் மகாராஷ்டிர மாநிலத்திலேயே இருக்கிறது. புனே மாவட்டம் பாபல் கிராமத்தில் 1983-ல் டாக்டர் எஸ்.எஸ்.கல்பாக் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் வெல்டிங், மின்வேலை, விவசாயம், சமையல் என்று ஊருக்குத் தேவையான வேலைகளைச் செய்தே அறிவியல் கற்பது அங்கே முறை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம், கணினி இயக்கும் இயந்திரங்கள் கொண்ட தன் ஃபேப் லேப் பட்டறையை 2002-ல் வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தபோது தேர்ந்தெடுத்த முதல் இடங்களில் பாபல் ஒன்று. கணினியோடு இணைந்த இயந்திரம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, கைவேலைக்கு ஏறக்குறைய இருபது வருடப் பழக்கம் இருந்தது. வரிசை அதுதான்.

இனி இடம். மும்பையில் 200 சதுர அடிக்கு மேல் இலவசமாகக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஒரு காலாவின் (சிறு தொழிற்கூட அறை) பாதியோ, மன்றக் கட்டடத்தின் பின்னறையோ, மாலையில் காலியாக இருக்கும் வகுப்பறையோ கிடைக்கலாம். ஆளுக்கு 20 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறைந்தால் ஒருவன் வாள் இழுக்கும்போது அடுத்தவன் முழங்கையில் இடிக்கும். ஆக ஒரு நேரத்தில் 10 பேர். நாற்பது பேரை நான்கு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி 60 சென்டிமீட்டர் அகலத்தில் பலகை, நின்று வேலை செய்ய 90 சென்டிமீட்டர் உயரம். மேஜைக்குப் பழைய ஃப்ளஷ் கதவு (தட்டையான பலகைக் கதவு) போதும், பங்கார் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், கிடைக்கும். வகுப்பறையைக் கடன் வாங்கினால் தினமும் சாமானை எடுத்துப் பரப்பி மறுபடி கட்டிவைக்கவே ஒரு மணி நேரம் போய்விடும். பூட்டக்கூடிய இரும்பு அலமாரி குறைந்தது இரண்டு அந்த அறையிலேயே நிரந்தரமாக நிற்க இடம் கொடுத்தால்தான் அப்படிப்பட்ட இடத்தை ஏற்கலாம்.

இடத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது எர்த். பழைய சால் கட்டடங்களில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்டவை) மூன்று ஓட்டை பிளக் அழகாக இருக்கும், மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து, ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று, 16 ஆம்பியர் எம்சிபி (கறன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்று. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாத ஆர்சிசிபி வெறும் பிளாஸ்டிக் பெட்டி. உடம்பு வழியாக எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் அது காப்பாற்றும். ஒரு கையில் ஃபேசும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரைக் காப்பாற்றாது. அதனால் பிள்ளைகள் கைபடும் மின்சுற்று வேலை அனைத்தும் 12 வோல்ட்டுக்குள் என்ற விதியில் யாருக்கும் சலுகை கூடாது, ‘எங்கப்பா எலெக்ட்ரீஷியன்’ என்று வருகிற பிள்ளைக்கும் சேர்த்து.

அந்த 12 வோல்ட்டுக்குக் கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும், உண்மைதான். ஆனால் 12 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய பெட்டி அது. பிள்ளை தவறுதலாக ஷார்ட் செய்தால், பெட்டி அணைவதற்குள் மெல்லிய கம்பி சிவந்து உருகிவிடும். அதைவிட 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் வாங்கி, ஒவ்வொரு மேஜைக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக் கொடுப்பது மேல். வாசல் பக்கத்தில் ஒரே மெயின் சுவிட்ச், அதன் மேல் சிவப்பு விளக்கு. அது எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஏதோ ஒரு சால்டரிங் அயர்ன் (ஈயம் உருக்கும் கருவி) சூடாக இருக்கிறது என்று அர்த்தம். விளக்கு அணையாமல் கதவைப் பூட்டக் கூடாது.

கருவிகளுக்கு வருவோம். 10 பேருக்கு ஹாக்ஸா (உலோகம் வெட்டும் வாள்) நான்கு, பொருளை இறுக்கிப் பிடிக்க 4 அங்குல வைஸ் இரண்டு, சி கிளாம்ப் ஆறு, தட்டை அரமும் அரைவட்ட அரமும் மும்மூன்று, சுத்தியல் மூன்று, மூலைமட்டம் மூன்று, 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல் பத்து, துளையிடும் இடத்தைக் குத்திக் குறிக்க சென்டர் பஞ்ச் மூன்று, மூக்குக் குறடும் கட்டரும் ஆறாறு, திருப்புளி செட் நான்கு, வேகம் கூட்டிக் குறைக்கும் டிரில் ஒன்று, ஸ்டாண்டோடு. கண்ணைக் காக்கும் கண்ணாடி பன்னிரண்டு, ஏனென்றால் இரண்டு எப்போதும் காணாமல் போயிருக்கும். ஹாக்ஸா பிளேடில் அங்குலத்துக்கு 18 பல், 24 பல் என்று வரும். வெட்டும் தகட்டின் கனத்துக்குள் குறைந்தது மூன்று பல் நிற்க வேண்டும். மெல்லிய தகட்டை 18 பல் பிளேடால் வெட்டினால் பல் கொக்கிபோல மாட்டி உடையும். பிள்ளை தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு வகையும் வாங்கி, 24 பல் பிளேடின் முனையில் மஞ்சள் பெயின்ட் தொட்டு வைத்தால் குழப்பம் வராது.

டிரில் பிட்டில் 3 மில்லிமீட்டரும் 3.2 மில்லிமீட்டரும்தான் உடைந்துகொண்டே இருக்கும். எம்3 ஸ்குரு (3 மில்லிமீட்டர் தடிமன்) தளர்வாக நுழைய 3.2 வேண்டும், எல்லாரும் அதையே எடுப்பார்கள். உடைவதற்கு மூன்று காரணம். பஞ்ச் குத்தாமல் வைப்பதால் முனை வழுக்குகிறது. வேலைப்பொருளைக் கிளாம்ப் போடாமல் கையால் பிடிப்பதால் கடைசி நொடியில் அது சுழல்கிறது. துளை மறுபக்கம் திறக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்காததால் பிட் சிக்குகிறது. இன்னொன்று: டிரில்லில் கையுறை போடவே கூடாது. பாதுகாப்பு என்று பெரியவர்களே மாட்டிவிடுவார்கள். சுழலும் பிட் கையுறை நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் முடி, கழுத்தில் ஐடி கார்டு, மூன்றையும் கழற்றியோ கட்டியோ வைத்த பிறகுதான் டிரில் பக்கம் போக வேண்டும்.

கருவி திருட்டுப் போகுமே என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் திருட்டுப் போவதில்லை, அட்டைப் பெட்டிக்குள் தொலைந்து போகிறது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை வெள்ளையடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன் மேல் வைத்து வெளிக்கோடு வரைந்து, கறுப்பு பெயின்ட்டால் நிரப்பி, ஆணி அடித்து மாட்டுங்கள். மூடும் நேரத்துக்கு 10 நிமிடம் முன்னால் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த நிழலுக்கு மேல் கருவி இல்லையோ அதைத் தேட வேண்டும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குல இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஜூனில் மழை தொடங்கிச் சுவரில் ஈரம் ஏறும்போது ஏன் என்று புரியும்.

முதலில் செய்யும் பொருள் எது என்பதில்தான் பல பட்டறைகள் தடுக்கி விழுகின்றன. எல்இடி மின்னுவது ஐந்து நிமிடச் சந்தோஷம், வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? நம் வீடுகளில் விடியற்காலை குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறிப்பிட்டது. டிரம் நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கேட்கும். டிரம் நிரம்பியதும் கத்தும் ஒரு பஸ்ஸர் செய்தால், அன்று ராத்திரியே அம்மாவுக்குப் பயன்படும். தேவையானவை: பிசி 547 டிரான்சிஸ்டர் இரண்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பேட்டரி போட்டால் தானே ஒலிக்கும் வகை சிறிய பஸ்ஸர் ஒன்று, பென்டார்ச் செல் மூன்று, அதற்கான ஹோல்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்குரு இரண்டு, டிரம்மிலிருந்து சுவர் வரை எட்டும் இரட்டைக் கம்பி.

டிரான்சிஸ்டரின் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடதுகால் கலெக்டர், நடுக்கால் பேஸ், வலதுகால் எமிட்டர். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதன் பேஸில் சேர்க்க வேண்டும். இரண்டின் கலெக்டரையும் சேர்த்து பஸ்ஸரின் மைனஸ் காலில் கொடுக்க வேண்டும். பஸ்ஸரின் பிளஸ் கால் பேட்டரி பிளஸ்ஸுக்கு. இரண்டாவதன் எமிட்டர் பேட்டரி மைனஸுக்கு. ஒரு ஸ்குரு பேட்டரி பிளஸ்ஸில், மற்ற ஸ்குரு 10 கிலோ ஓம் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸில். அந்த பேஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம். ஸ்குருக்களை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு பிவிசி துண்டில் பொருத்தி, டிரம்மின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே தொங்கவிட வேண்டும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் ஒலிக்கும்.

ஒரே டிரான்சிஸ்டர் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஒன்றை வைத்தே முதலில் செய்யவிடுங்கள். மேஜையில் உப்புத் தண்ணீர் டம்ளரில் நன்றாகக் கத்தும். வீட்டு டிரம்மில் முனகும், அல்லது சும்மா இருக்கும். நம் குழாயில் வருவது ஏரித் தண்ணீர், உப்புக் குறைவு, மின்சாரம் கொஞ்சம்தான் கடக்கும். அந்தக் கொஞ்சத்தை இரண்டாவது டிரான்சிஸ்டர் பெருக்கித் தருகிறது. பெருக்கம் கூடியதும் அடுத்த தொல்லை ஆரம்பிக்கும்: மழைக்காலத்தில் பிவிசி துண்டு வியர்த்தாலே ராத்திரி இரண்டு மணிக்கு பஸ்ஸர் கத்தும். அந்த 100 கிலோ ஓம் அதற்குத்தான். ஈரத்தின் சிறு கசிவை அது மைனஸுக்கு வடித்துவிடும். நிஜமாகத் தண்ணீர் தொடும்போது வரும் மின்சாரத்தை அதனால் விழுங்க முடியாது. ஸ்குருவுக்குப் பதில் செம்புக்கம்பி வைத்தவர்களுக்கு, தினமும் நிரம்பி நிற்கும் டிரம் என்றால் சில வாரத்தில் ஒரு கம்பி பச்சை பிடித்து இளைத்துப்போகும், மற்றது அப்படியே இருக்கும். எந்தக் கம்பி, ஏன் என்ற கேள்வியில் பத்தாம் வகுப்பு மின்னாற்பகுப்புப் பாடம் முழுக்க அடங்கியிருக்கிறது. புத்தகத்தில் நாம் அதைப் பரீட்சைக்கு மட்டும் படிக்கிறோம்.

ஈயம் வைப்பது, அதாவது சால்டரிங், பற்றிக் கொஞ்சம். 25 வாட் அயர்ன், 60/40 ஈயக்கம்பி, 0.8 மில்லிமீட்டர் தடிமன், ஆளுக்கொரு ஈரப் பஞ்சு. பஞ்சு பிழிந்த ஈரமாக இருக்க வேண்டும், சொட்டினால் முனை ஒவ்வொரு முறையும் குளிர்ந்துபோகும். பிள்ளைகள் செய்யும் தவறு, அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்து, பசை தடவுவதுபோல இணைப்பில் தடவுவது. அப்படிச் செய்தால் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும், கம்பிக்குள்ளேயே இருக்கும் பொருள்) வழியிலேயே புகைந்துபோகிறது. ஈயம் உருண்டையாக உட்காரும், ஒட்டாது. அயர்னால் காலையும் செம்புப் பகுதியையும் ஒருசேரத் தொட்டு, மனதுக்குள் இரண்டு எண்ணி, ஈயக்கம்பியை இணைப்பில் வைக்க வேண்டும், முனையில் அல்ல. ஈயம் தானே வழிந்து பரவும். முதலில் கம்பியை எடு, பிறகு அயர்னை எடு, ஊதாதே, அசைக்காதே. நல்ல இணைப்பு சிறு எரிமலைபோலச் சரிந்து பளபளக்கும். மங்கலாக, உருண்டையாக இருந்தால் மறுபடி சூடாக்கு. குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் ஃபிளக்ஸ் பட்டறைக்குள் வரவே கூடாது. அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும், ஒரு மழைக்காலத்தில் செம்பைத் தின்றுவிடும். முனை கறுத்துவிட்டது என்று அரத்தால் தேய்ப்பதும் கூடாது, மேல்பூச்சு போய்விட்டால் முனையின் ஆயுள் அத்தோடு முடிந்தது. வேலை முடிந்ததும் முனையில் ஈயம் பூசியே அணைக்க வேண்டும். ஈயத்தில் காரீயம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வடாபாவைத் தொடக் கூடாது. மேஜையில் சாப்பாடே கூடாது. சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட் தடவுவதும் ஐஸ் வைப்பதும் வேண்டாம்.

அர்டுயினோ (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு மின்சுற்று போர்டு) ஆறு போதும், இரண்டாம் மாதத்தில் வரட்டும். விலை குறைந்த நகல் போர்டுகளே போதும். பலவற்றில் கணினியோடு பேசுவதற்கு சிஎச்340 என்ற சிப் இருப்பதால், அதன் டிரைவரைக் கணினியில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். ‘போர்டு செத்துப்போச்சு’ என்று வரும் புகாரில் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மொபைல் சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பியே கிடையாது, விளக்கு எரியும், புரோகிராம் ஏறாது. சோதித்துப் பார்த்த கேபிள்களில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அடுத்தது, சின்ன நீல சர்வோ மோட்டாரைப் போர்டின் 5 வோல்ட் காலிலிருந்தே ஓட்டுவது. மோட்டார் திணறும் நொடியில் யுஎஸ்பி தரக்கூடியதைவிட அதிகம் இழுக்கும், போர்டு ரீசெட் ஆகி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, மைனஸ் மட்டும் பொதுவாக. சதுர 9 வோல்ட் பேட்டரியால் மோட்டார் ஓட்ட முயல்வது காசுக்குக் கேடு.

மல்டிமீட்டர் நான்கு. மஞ்சள் நிற மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் என்று போட்ட ஓட்டைக்குப் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. கறன்ட் அளந்துவிட்டு, சிவப்புக் கம்பியை அங்கேயே விட்டு, அடுத்து வோல்ட் அளக்கப் போனால் நேராக ஷார்ட். அந்த ஓட்டையில் துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், பெரியவர் எடுத்துத் தரும்போது மட்டும் திறக்கட்டும். வீட்டு பிளக்கில் அந்த மீட்டரை நுழைப்பது தடை.

இதில் பெரும்பாலான சாமான் கிராண்ட் ரோடு கிழக்கில் லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். சயானிலிருந்து போகிறவர் தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாற வேண்டும், போய்வர அரைநாள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் அடைப்பு. ஆகவே இரண்டு மாதத்துக்கான சரக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும். மாதச் செலவுக்கு ஒரு தோராயம், 40 பேருக்கு: ஈயக்கம்பி 200 கிராம், ஹாக்ஸா பிளேடு 8, சின்ன டிரில் பிட் 10, குளூ ஸ்டிக் 1 கிலோ, எம்3 ஸ்குருவும் நட்டும் இருநூறு செட், உப்புத்தாள் 10, பென்டார்ச் செல் 60. எது தீர்ந்ததோ அதைக் கதவின் உட்பக்கத்தில் தொங்கும் நோட்டில் தீர்த்தவரே எழுத வேண்டும்.

பங்கார் கடை நமக்குப் பெரிய வரம். பழைய பிரிண்டர் ஒன்றைப் பிரித்தால் நேரான இரும்புத் தண்டு, மோட்டார், பல்சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் கிடைக்கும். டிவிடி டிரைவில் சின்ன மோட்டார்கள் கிடைக்கும். ஆனால் மைக்ரோவேவ் ஓவன் வாசலைத் தாண்டக் கூடாது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறக்கூடியது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். பழைய பெட்டி டிவி, திறந்த எஸ்எம்பிஎஸ், வீங்கிய மொபைல் பேட்டரி, லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் செல், இவையும் அதே கணக்கில்தான். லித்தியம் செல்லைக் குத்தினாலும் ஷார்ட் செய்தாலும் தீப்பிடிக்கும். இந்த வரிசையைப் படம் போட்டு வாசலில் ஒட்டுங்கள், எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு ஏபிசி தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் வாசலுக்கு அருகிலேயே இருக்கட்டும், அறையின் கோடியில் அல்ல.

மழைக்காலம் நான்கு மாதம் பட்டறைக்கு எதிரி. வாரம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் எல்லா இரும்பையும் துடைக்க வேண்டும், குறிப்பாக ஸ்கேல்களை, துரு ஏறினால் கோடு தெரியாது. பின்னாளில் பிரிண்டர் வாங்கினாலும் இதே சிக்கல்தான். பிஎல்ஏ இழை ஈரத்தைக் குடித்தால் அச்சடிக்கும்போது கடுகு தாளிக்கிற மாதிரி படபடக்கும், நூல் நூலாக இழுக்கும், சுருளில் இருக்கும்போதே ஒடியும். காற்றுப்புகாத அரிசி டப்பாவில் அரை கிலோ சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். ஆரஞ்சு நிற மணி வாங்குங்கள், பச்சையானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். நீல மணியில் கோபால்ட் இருக்கும், பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு வேண்டாம். லேசர் வெட்டும் இயந்திரம் பற்றி ஒரே வரி: புகைபோக்கி வைக்க இடமில்லாத சாலில் அது கூடவே கூடாது. பிவிசியை வெட்டினால் வரும் வாயு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும்.

உடைந்ததற்குப் பணம் வாங்கக் கூடாது. இதில் நிர்வாகிகள் சண்டை போடுவார்கள், பொறுப்பு வர வேண்டாமா என்பார்கள். அபராதம் வைத்தால் உடைவது குறையாது, ஒளித்துவைப்பதுதான் கூடும். விரிசல் விட்ட சுத்தியல் பிடி பலகையில் பழையபடி தொங்கும், அடுத்த பிள்ளை ஓங்கும்போது தலை பறக்கும். அதற்குப் பதில் வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி: உடைந்ததை அதில் போடு, என்ன செய்துகொண்டிருந்தபோது உடைந்தது என்று ஒரு சீட்டில் எழுது, பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளைப் படித்தால் அடுத்த மாதம் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆள் விஷயம். ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவராவது பெண். சாவி வைத்திருப்பவருக்குச் சம்பளம் உண்டு. இந்தச் சம்பளம்தான் பட்ஜெட்டின் பெரிய வரி, இதை மிச்சப்படுத்தப் பார்த்த இடங்கள் மூன்றாவது மாதம் பூட்டிவிடும். ஐடி கம்பெனிக்காரர்கள் ஆசையோடு இரண்டு ஞாயிறு வருவார்கள், மூன்றாவது ஞாயிறு அவர்களுக்கு சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை இருக்கும். குற்றமாகச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) ஆசிரியர், தச்சர், மொபைல் ரிப்பேர் செய்பவர், பிளவுஸ் தைக்கும் அக்கா, இவர்களைத் தேடுங்கள். அளந்து வெட்டுவதைத் தையல்காரரைவிட நன்றாகச் சொல்லித்தர ஆள் கிடையாது.

டப்பாக்களின் மேல் பெயர் எழுதும்போது தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் எழுதுங்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்தில் அது மின்தடையாக்கி, கடையில் ரெசிஸ்டர். இரண்டும் ஒன்றுதான் என்று டப்பாவே சொல்லிவிட்டால், கடைக்குத் தனியாகப் போகப் பிள்ளைக்குத் தயக்கம் இருக்காது. பக்கத்து வீட்டு மராத்திப் பிள்ளையையும் உருதுப் பிள்ளையையும் சேர்க்காமல் நம் தெருவில் எதையும் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம்.

நேரம்: பல பள்ளிகளில் இரண்டு ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் பிள்ளைகளுக்கு மதியம் 2 முதல் 4, மற்றவர்களுக்கு மாலை 6 முதல் 8. பெண் பிள்ளைகள் 8 மணிக்குத் தனியாக நடந்துபோக வேண்டிய சந்து என்றால், அவர்கள் முறையை மதியத்துக்கும் ஞாயிறு காலைக்கும் மாற்றுங்கள். பொதுத்தேர்வு நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வராது. அந்த இரண்டு மாதத்தை எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம். கோடை விடுமுறை விட்டதும் பாதிப் பேர் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுவார்கள். பொருள் வாங்குவது, மேஜை பழுது பார்ப்பது, எர்த் சோதிப்பது எல்லாம் அப்போது.

இடம் பார்க்கப் போகும்போது இன்னொன்றையும் பாருங்கள்: உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை ஐம்பது அடிக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் பெண் பிள்ளைகள் முதல் வாரம் வருவார்கள், இரண்டாவது வாரம் வீட்டில் வேலை இருக்கிறது என்பார்கள். காரணத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம், அடுத்த அறையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழில் தெரிந்த வாசகர்கள் சிலர்,
சயான் கோலிவாடா, மும்பை